தங்கூஸ் கட்டிய யுகுலேலி

என் ஆசை நைனாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கத்தியே எழுதுகிறேன். பேனாவை அழுத்திப் பிடித்திருக்கிறேன், எழுத்தையும் பெரிதாகத்தான் போடுகிறேன். உன்னிடம் மெதுவாகப் பேசி எனக்குப் பழக்கமே இல்லையே. நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது, இன்னமும் நான் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். டிவியும் நீ இருந்தபோது வைத்த சத்தத்தில்தான் அலறிக்கொண்டிருக்கிறது. குறைக்கப் போனால் அம்மா, "அது அப்டியே கெடக்கட்டும், உங்க நைனா வெச்சது" என்கிறாள்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். என் காது நன்றாக இருக்கிறது நைனா. டெஸ்ட் எடுத்தாகிவிட்டது, சீட்டும் கையில் இருக்கிறது. என் காதுக்கு என்ன கேடு என்று நீ கேட்பாய். பெரிய கேடு ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்து மாதம் நான் பயந்து செத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உன்னிடம்தான் முதலில் முழுசாகச் சொல்கிறேன்.

எல்லாம் போன ஆயுத பூஜையில் ஆரம்பித்தது. மணலி பக்கம் நான் போகிற டின் மூடி அடிக்கிற கம்பெனியில் குலுக்கல் வைத்தார்கள். முதல் பரிசு மிக்ஸி, இரண்டாவது குக்கர், அப்புறம் ஹாட்பாக்ஸ், பிளாஸ்க் என்று மேஜை மேல் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எனக்குக் குக்கர் மேல்தான் கண். நம் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பதை விட்டுவிட்டுச் சும்மா ஓரத்தில் அழுதுகொண்டிருக்கிறது. சீட்டைப் பிரித்தால் எனக்குக் கடைசிப் பரிசு. முதலாளியின் மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோது விட்டுவிட்டுப் போன ஒரு சின்ன கிட்டார்.

"யக்கா, கிட்டாருக்குக் குட்டி பொறந்துகீது!" என்று மெஹர் கைதட்டினாள். மெஹர் என் பக்கத்து மிஷினில் நிற்பவள். மூடி அடிக்கிற பிரஸ் மிஷின் சத்தத்திலும் அவள் சிரிப்பு தனியாகக் கேட்கும். அவள்தான் ஃபோனில் தேடி, அது கிட்டார் இல்லை, அதன் பெயர் யுகுலேலி என்று சொன்னாள். கையில் வாங்கிப் பார்த்தேன். முறம் அளவுகூட இல்லை. நாலு கம்பி இருக்கவேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது, மேல் கம்பி அறுந்து போயிருந்தது. கம்பி என்று சொல்கிறேனே தவிர எல்லாம் நைலான்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டும்போது விரல் பட்டு ஒரு கம்பி கூவியது. கை வைத்தேன், நின்றது. மறுபடி தட்டினேன், மறுபடி கூவியது. சிரிக்காதே நைனா, அந்த இடத்திலேயே எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. எட்டு மணி நேரம் பிரஸ்ஸின் சத்தத்துக்குள் நிற்கிறேன், அது என்னைக் கேட்டு வருவதும் இல்லை, நான் சொல்லி நிற்பதும் இல்லை. இந்தச் சத்தம் நான் தொட்டால் வருகிறது, கையை வைத்தால் அடங்குகிறது. நாற்பத்து நாலு வயதில் என் பேச்சைக் கேட்கிற ஒன்றாவது வீட்டுக்கு வந்ததே என்று இருந்தது.

மேல் கம்பிக்கு என்ன செய்வது? இங்கே பக்கத்தில் எந்தக் கடையில் போய் யுகுலேலி கம்பி கேட்பேன்? ஆனால் நாம் யார் வீடு! கடலுக்குப் போகிற தம்பி ஏழுமலையின் வலைப் பெட்டியில் இல்லாத நரம்பா? தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூஸ் நரம்பு நம்பர் நம்பராகச் சுருட்டி வைத்திருக்கிறான். இருந்த மூன்று கம்பியையும் விரலால் உருட்டிப் பார்த்தேன். கீழே இருப்பது சன்னம். அதற்கு மேலே இருப்பது கொஞ்சம் தடி. அதற்கும் மேலே இருப்பது இன்னும் தடி. அப்படியானால் எல்லாவற்றுக்கும் மேலே வருவது எப்படி இருக்கவேண்டும்? நீயே சொல். நீயும் நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பாய்.

"இத வுட பெருசா குடுடா" என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

"இன்னாத்துக்குக்கா? சுறா புடிக்கப் போறியா?" என்றான். ஆனாலும் கொடுத்தான். முடிச்சையும் அவனே போட்டான். உன் மகன் போட்ட முடிச்சு, சுறா வந்தாலும் அவிழாது.

சுருதி சேர்க்க ஃபோனில் ஒரு ஆப் இருக்கிறது. கம்பியைத் தட்டினால் ஒரு முள் ஆடும், சரியான இடத்துக்கு வந்தால் பச்சை விளக்கு எரியும். நாலு கம்பிக்கும் பச்சை வந்தது. பாடம் சொல்லிக் கொடுக்க யூடியூபில் ஒரு கோயம்புத்தூர்ப் பெண் இருக்கிறாள். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டு, மரியாதைக்கு மரியாதை, பாடத்துக்குப் பாடம். முதல் பாடம் கம்பி மாட்டுவது பற்றி. மாட்டியாகிவிட்டதே, அதை எதற்குப் பார்ப்பது என்று நேராக இரண்டாவதுக்குப் போய்விட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்துதான் பழக்கம். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அரை மணி நேரம். கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் கரையில் கொட்டியிருக்கிற கருங்கல் தெரியும், அந்தப் பக்கம் திரும்பினால் எண்ணூர் புகைபோக்கிகள். கடல் பக்கமே உட்காருவேன். நாலு கம்பியும் சேர்ந்து ஒன்றாகப் பேசுவதற்குக் கார்டு என்று பெயராம். முதல் கார்டுக்கு ஒரே ஒரு விரல் போதும். ஒரு விரலை வைத்து வருடினால் பாட்டு ஆரம்பிக்கப்போகிற மாதிரியே இருக்கும். அடுத்ததற்கு இரண்டு விரல். மூன்று விரல் வைக்கிற கார்டில்தான் என் சாயம் வெளுத்தது. மோதிர விரலை நகர்த்தினால் நடு விரல் கூடவே போய்விடும், கல்யாண வீட்டில் மெஹரும் நானும் போல. விரல் நுனியெல்லாம் சிவந்து, சாம்பாரில் கை வைத்தால் எரிந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தேன் நைனா. ஒரு மாதம், ஒன்றரை மாதம், அப்படி ஒரு சந்தோஷம்.

அப்புறம் ஏழாவது பாடம் வந்தது. அதில்தான் கம்பிகளைத் தனித்தனியாகத் தட்டி ஒரு மெட்டு வாசிக்கவேண்டும். அந்தப் பெண் சொல்கிறாள்: "மேல இருக்கிற கம்பியும் கீழ இருக்கிற கம்பியும் அக்கா தங்கச்சி மாதிரிங்க, ரெண்டு சத்தமும் பக்கத்துல பக்கத்துல இருக்கோணும்." அவள் தட்டினாள். மேல் கம்பி ‘டிங்’ என்றது. கீழ்க் கம்பியும் ‘டிங்’, ஒரு நூல்தான் உசத்தி. நான் தட்டினேன். கீழ்க் கம்பி ‘டிங்’. மேல் கம்பி ‘தொம்’.

மறுபடி பார்த்தேன். பச்சை விளக்கு எரிகிறது. அவளுக்கும் அதே பச்சை. அவளுக்கு டிங், எனக்கு தொம்.

மிஷின் சரி என்கிறது, பாடம் சரியாக இருக்கிறது. அப்படியானால் எது சரியில்லை? நீ இந்நேரம் போட்டிருக்கிற கணக்கைத்தான் நானும் போட்டேன் நைனா. காது.

உனக்கு எப்படிப் போனது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காசிமேட்டில் முப்பது வருடம் விசைப்படகு டிரைவர். எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பக்கத்திலேயே சாப்பிட்டு, பக்கத்திலேயே தூங்கினாய். முதலில் போனது சன்னமான சத்தம்தான். குக்கர் விசில் அடித்தால் நீ எழுந்திருக்கமாட்டாய். அப்புறம் சைக்கிள் மணி. அப்புறம் சின்னக் குழந்தைகளின் குரல். அதற்கும் பிறகு அம்மாவின் குரல், அதை மட்டும் நீ வேண்டுமென்றே தொலைத்தாய் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். தடித்த சத்தம் கடைசி வரைக்கும் உன்னுடன் இருந்தது. கப்பல் ஹாரன், லாரி, எஞ்சின். எஞ்சினைக்கூட நீ காதால் கேட்டாயா என்ன? பெட்டி மேல் உள்ளங்கையை வைத்து, "ரெண்டாவது சிலிண்டர் இருமுது" என்பாய். பிரித்துப் பார்த்தால் அதேதான் இருமும்.

அதனால்தான் பயந்தேன். மேல் கம்பிக்குள் ஒரு சன்னமான சத்தம் இருக்கிறது, ஃபோனில் வால்யூம் ஏற்றி வைத்தால் கேட்கிறது, என் மடியில் இருந்து வரும்போது அதன் தடித்த பாதி மட்டும்தான் எனக்கு வந்து சேர்கிறது என்று நினைத்தேன். கீழ்க் கம்பி டிங் என்று கேட்கிறதே என்பதுகூடப் பயத்தில் எனக்குத் தோன்றவில்லை. பதினாறு வருடம் பிரஸ் பக்கத்தில் நிற்பவள் வேறு என்ன நினைப்பாள்? கம்பெனியில் காதுக்கு வைக்க இயர் பிளக் கொடுத்திருக்கிறார்கள். நூலில் கோத்த ஆரஞ்சுப் பஞ்சு. நாங்கள் எல்லாரும் அதைக் கழுத்தில் மாலையாகத்தான் போட்டிருப்போம். காதில் வைத்தால் மெஹர் சொல்கிற ஊர்க்கதை எப்படிக் கேட்கும்?

பயம் வந்த பிறகு எல்லாமே சாட்சி சொல்ல ஆரம்பித்தது. பஸ்ஸில் கண்டக்டர் சொன்னது விளங்கவில்லை என்றால், போச்சு. அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிட்டு நான் கவனிக்காவிட்டால், போச்சு. ஒரு நாள் மெஹர் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. தோளைத் தட்டி, "இன்னாக்கா, உனக்கும் உங்க நைனா மாதிரி டமாரக் காது ஆயிடுச்சா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்று மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை.

அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? நீ செய்ததையே செய்தேன். யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். சூப்பர்வைசர் பேசினால் வாயைப் பார்த்தேன். யுகுலேலியை யார் முன்னாலும் வாசிக்கவில்லை. "எங்களுக்கு ஒரு பாட்டு வாசிக்கா" என்று ஏழுமலை பெண்டாட்டி கேட்டபோது விரல் வலிக்கிறது என்று பொய் சொன்னேன். வாசித்தால், அது அவர்களுக்கு டிங் என்று கேட்டுவிட்டால்? எனக்கு மட்டும்தான் தொம் என்று தெரிந்துவிடுமே.

நீ எத்தனை வருடம் அப்படித் தலையாட்டினாய் நைனா? நாலா, ஐந்தா? அன்றைக்குப் படகின் பின்பக்கம் நின்று எல்லாரும் "எஞ்சின ஆப் பண்ணு, ஆப் பண்ணு" என்று கத்தியிருக்கிறார்கள். நீ திரும்பிப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறாய். வலை முழுக்கப் படகுக்கு அடியில் சுழல்கிற விசிறியில் சுற்றிக்கொண்டது. யாருக்கும் அடி படவில்லை, கடலம்மா புண்ணியம். மறுநாள் படகுக்காரர் வீட்டுக்கே வந்து, "நீ வூட்ல ரெஸ்ட் எடு நைனா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் நீ தலையாட்டினாய். அவர் போன பிறகு என்னைப் பார்த்து, "இன்னாமா சொன்னாரு?" என்று கேட்டாய். அதை நான் உன்னிடம் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. தெருவுக்கே கேட்டது.

அப்போது உன் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா என்று. இந்த ஐந்து மாதத்தில்தான் புரிந்தது. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயம். டெஸ்ட்டுக்குப் போகாதவரைக்கும் காது பாதி நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பலாம் இல்லையா? உனக்கும் அப்படித்தானே இருந்தது?

கடைசியில் என்னைக் கிளப்பியது அம்மாதான், அவளுக்கே தெரியாமல். ஒரு சாயங்காலம் அவள் ஏதோ கேட்க, நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். அவள் கையில் இருந்த சொம்பை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "உங்க நைனா மாரியே ஆட்றியே" என்றாள். அவள் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்தபிறகு மறுநாளே லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பெரியாஸ்பத்திரி காது வார்டு. யுகுலேலியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். டாக்டரிடம் வாயால் சொன்னால் புரியாது, வாசித்தே காட்டிவிடலாம் என்று. ஒன்பது மணிக்கே போயும் எனக்கு முன்னால் இருபது பேர். நீ பார்த்திருக்கவேண்டும் அந்தப் பெஞ்சை. ஒவ்வொரு பெயரையும் நர்ஸ் மூன்று முறை கூப்பிடுகிறாள், கூப்பிடப்பட்டவருக்குத் தவிர மற்ற எல்லாருக்கும் கேட்கிறது.

என் பக்கத்தில் ராயபுரத்திலிருந்து ஒரு அம்மா, வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். காதில் மிஷின் மாட்டிய பெரியவர், வெள்ளைச் சட்டை, நல்ல களையான முகம். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, வீணையா?" என்றாள் அந்த அம்மா.

என்ன தோன்றியதோ எனக்கு. முன்பின் தெரியாதவள், இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை. வெளியே எடுத்தேன். "நான் ஒண்ணு தட்றேன், உங்களுக்கு எப்டி கேக்குதுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன். மேல் கம்பியைத் தட்டினேன்.

"தொம்முங்குது" என்றாள்.

"நெஜமா? டிங்னு இல்ல?"

"இன்னாமா டிங்கு? நல்லா மத்தளங்கணக்கா தொம்முங்குது."

மறுபடி தட்டினேன். எதிர்ப் பெஞ்சில் இருந்தவர் தொம் என்றார். காதில் பஞ்சு வைத்திருந்த ஒரு பெண்ணும் தொம் என்றாள். கடைசியாக அந்த அம்மா தன் வீட்டுக்காரரின் காதருகே குனிந்து, "இன்னா சத்தம் வருது சொல்லு!" என்று கத்தினாள். நான் யுகுலேலியை அவர் முழங்கால் மேல் வைத்துத் தட்டினேன். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, தீர்ப்புச் சொல்கிற மாதிரி, "தொம்" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்தது அழுகையாகிவிட்டது. அந்த அம்மா பயந்துபோய் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். காது கேட்காதவர்கள் உட்காருகிற பெஞ்சில், அவ்வளவு பேருக்கும் ஒரே சத்தம்! ஐந்து மாதம் முன்னாடியே யாரிடமாவது, வீட்டிலேயே யாரிடமாவது, "இது உனக்கு எப்படிக் கேட்குது" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். வாய் இருந்தும் கேட்காமல் இருந்தேன்.

டெஸ்ட்டும் எடுத்தார்கள். கண்ணாடி வைத்த ஒரு சின்ன ரூமுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்கவேண்டும். எங்கேயோ தூரத்தில் கொசு பாடுகிற மாதிரி ஒரு சத்தம், அதற்கும் அமுக்கினேன். சில சத்தம் நிஜமாகவே இருந்ததா, நானே இருந்ததாக நினைத்தேனா என்றுகூடச் சந்தேகம் வந்தது. வெளியே வந்ததும் டெஸ்ட் எடுத்த பெண் சீட்டில் கோடு போட்டுக் காட்டினாள்.

"வலது காது நல்லா இருக்கு. இடது காதுல ரொம்ப சன்னமான சத்தத்துக்கு மட்டும் கொஞ்சம் குறைவு. மிஷின் பக்கத்துல வேலை பாக்கறீங்களா?"

"ஆமா மேடம்."

"அதனாலதான். இப்போதைக்கு பயப்படற மாதிரி எதுவும் இல்ல. ஆனா போனது திரும்பி வராது. இருக்கறத காப்பாத்திக்கோங்க. காதை அடைச்சுக்காம மிஷின்கிட்ட நிக்கக்கூடாது, புரியுதா?"

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எனக்கு என்னென்ன கேட்கிறது என்று எண்ணிக்கொண்டே வந்தேன். டிரைவர் சாவியின் வளையம், யாரோ பாப்கார்ன் பாக்கெட் பிரிப்பது, பின்சீட்டில் ஒருத்தி கொலுசு. நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கலீஜான ஹாரன் சத்தம்கூட அன்றைக்கு எனக்கு நன்றாக இருந்தது.

சரி, காது நன்றாக இருக்கிறது, பிறகு ஏன் தொம்? வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணின் முதல் பாடத்தைப் போட்டேன். நான் தாண்டி வந்தேனே, அதை. கொஞ்ச நேரத்திலேயே அவள் சொல்கிறாள்: "மேல் கம்பி தடியா இருக்கும்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. இல்லீங்க, அது சன்னமான கம்பிங்க. தடியா மாட்டிட்டா சத்தம் அடியில போயிடும்." படத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். சன்னம். கீழ்க் கம்பி மாதிரியே சன்னம். நான் சுறா பிடிக்கிற நரம்பைக் கட்டிவிட்டு ஐந்து மாதம் என் காதைத் திட்டியிருக்கிறேன். அந்த ஆப்புக்கு அதே சுரமாக இருந்தால் போதுமாம். அடியில் இருந்தாலும் மேலே இருந்தாலும் பச்சைதானாம். மிஷின் சரி என்று சொன்னபோதும் என் காதுதான் விடாமல், இல்லை, இது வேறே என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் அதை நம்பவில்லை.

ஏழுமலையிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். திட்டுவான் என்று பார்த்தேன். தங்கூஸ் உருண்டைகளைக் கிளறிக்கொண்டே இருந்தான். "எனக்கும் வலது காது கொயிங்னு கத்திக்கினேகீதுக்கா. ரெண்டு வருசமா" என்றான் மெதுவாக. கேட்டாயா நைனா? நம் வீட்டில் இது ஒரு வியாதி. காதில் இல்லை, வாயில். அடுத்த வாரமே அவனையும் இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள், படகில் காதை மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டுமாம். காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது. அவனை நினைத்துத்தான் கொஞ்சம் கவலை, ஆனால் தெரிந்த கவலை, சமாளித்துக்கொள்ளலாம்.

அன்றைக்கே அவன் சன்னமான தங்கூஸ் எடுத்துக் கொடுத்தான். மாட்டி, முறுக்கி, பச்சை வந்ததும் தட்டினேன். டிங். கீழ்க் கம்பியைத் தட்டினேன், அதுவும் டிங். அக்கா தங்கச்சிதான். அன்று சாயங்காலம் மாடியில் அம்மா, ஏழுமலை, அவன் பெண்டாட்டி எல்லாரையும் உட்காரவைத்து ஏழாவது பாடத்தை முழுசாக வாசித்தேன். இரண்டு இடத்தில் தப்பு. மூன்று விரல் கார்டு இன்னும் முரண்டு பிடிக்கிறது. முடித்ததும் அம்மா, "இன்னாது, அதுக்குள்ள முடிச்சிட்ட?" என்றாள். எனக்கு அது போதும்.

இப்போது கம்பெனியில் நான் இயர் பிளக்கைக் காதில்தான் வைக்கிறேன். முதல் நாள் மெஹர் கோபித்துக்கொண்டாள், ஊர்க்கதைக்கு ஆள் போச்சு என்று. சீட்டைக் காட்டினேன். மறுநாள் அவளும் வைத்துக்கொண்டு வந்தாள். கதையை இப்போது டீ நேரத்தில் மொத்தமாகச் சொல்கிறாள், முன்னைவிட விவரமாக.

இவ்வளவு சொல்லிவிட்டேன். சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது.

உன்னிடம் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை எது தெரியுமா நைனா? "ஒண்ணுமில்ல, வுடு." நாங்கள் எல்லாரும் எதற்கோ சிரிப்போம். நீயும் கூடவே சிரித்துவிட்டு, "இன்னாமா சொன்ன?" என்பாய். இரண்டு முறை கத்துவேன். மூன்றாவது முறைக்கு எனக்குப் பொறுமை இருக்காது. ஒண்ணுமில்ல, வுடு. உன் சிரிப்பு அப்படியே நின்றுவிடும், நீ உன் கையைப் பார்ப்பாய். இந்த ஐந்து மாதமும், இனிமேல் எல்லாரும் எனக்கும் இதையே சொல்வார்கள் என்று நினைத்து நினைத்துத்தான் நடுங்கினேன். நான் உனக்குச் செய்தது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. என்னை மன்னித்துவிடு.

அந்தக் கடைசிக் காலையிலும் அதையே சொன்னேன். ஷிஃப்ட்டுக்குக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே உன்னிடம் ஒன்று கேட்டேன். நீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்து, "இன்னாமா சொன்ன?" என்றாய். தெருமுனையில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்துவிட்டது. "ஒண்ணுமில்ல, வுடு நைனா" என்று ஓடினேன். பத்து மணிக்கு ஏழுமலை ஃபோன் செய்தான். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று.

நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை. "வரும்போது உனக்கு இன்னா வாங்கியாரட்டும்?" அவ்வளவுதான் நைனா. அதைத்தான் கேட்டேன். நீ என்ன சொல்லியிருப்பாய்? வேர்க்கடலை என்றிருப்பாயா, மசால் வடை என்றிருப்பாயா? இல்லை, "ஒண்ணும் வாணாம், நீ சீக்கிரம் வா" என்றிருப்பாயா?

அடுத்த மாதம் உனக்குத் திதி வருகிறது. அந்தக் காலையில் மட்டும் சன்னக் கம்பியைக் கழற்றிவிட்டு, அந்தச் சுறா நரம்பை மறுபடி மாட்டப்போகிறேன். அது உன் காதுக்கு ஏற்ற கம்பி. யுகுலேலியின் வயிற்றை உன் படம் மாட்டியிருக்கிற சுவரோடு சேர்த்து வைத்து, ஏழாவது பாடத்தைத் தொம் தொம் என்று வாசிப்பேன். நீ எஞ்சினைக் கேட்ட மாதிரி உள்ளங்கையால் கேட்டுக்கொள். படையலில் வேர்க்கடலையும் இருக்கும், மசால் வடையும் இருக்கும்.

இனி யார் என்னிடம் "இன்னா சொன்ன?" என்று கேட்டாலும், வண்டி போனாலும் போகட்டும், நின்று திரும்பச் சொல்லிவிட்டுத்தான் போவேன். இது உன் மேல் சத்தியம்.

எத்தனை தரம் கேட்டாலும் சொல்கிற,
உன் மூத்த பொண்ணு
கஸ்தூரி